வாடகை நோட்டிலிருந்து தொடங்கும் நோன்பு

சேரப்பணஞ்சேரியிலும் படப்பை, ஒரகடம் சாலையோர ஊர்களிலும் லைன் வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கிற, கம்பெனிகளுக்கு ஆள் அனுப்புகிற, பஸ் ஓட்டுகிற, சூப்பர்வைசர் வேலை பார்க்கிற என் அன்பியத்துச் சகோதர சகோதரிகளுக்கு,



திருநீற்றுப் புதனுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை, பிப்ரவரி 20 அன்று, திருப்பலியில் முதல் வாசகம் வாசித்தது நான்தான். எசாயா 58ஆம் அதிகாரம். ஆண்டுதோறும் அந்த வெள்ளிக்கு அதே பகுதிதான் வரும். நாங்கள் நோன்பிருந்தோமே, நீர் ஏன் கண்டுகொள்ளவில்லை என்று மக்கள் கடவுளிடம் முறையிடுகிறார்கள். நோன்பு நாளிலும் உங்கள் ஆதாயத்தைத்தானே பார்க்கிறீர்கள், உங்கள் வேலையாட்களைக் கசக்கிப் பிழிகிறீர்களே என்று அவர் திருப்பிக் கேட்கிறார். இதை நான் எத்தனையோ வருடம் மேடையேறி வாசித்திருக்கிறேன். "வேலையாட்கள்" என்ற சொல்லை ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. அது ஏதோ பழைய காலத்து முதலாளிகளுக்குச் சொன்னது என்று கடந்து போயிருக்கிறேன். இந்த வருடம் அந்த இடம் வந்ததும் குரல் அடைத்துவிட்டது. மைக் சரியில்லை என்று சிலர் நினைத்தீர்கள். மைக் நன்றாகத்தான் இருந்தது. ஏன் அடைத்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உங்களில் பலருக்கு நான் டீச்சர். தொடக்கப் பள்ளியில் 31 வருடம் வேலை பார்த்து, ஓய்வு பெற்ற பணத்தில் வீட்டுக்குப் பின்னால் ஆறு அறை கட்டினேன். ஒவ்வொன்றும் பத்துக்குப் பத்து. மேலே சிமெண்ட் ஷீட். மூன்று அறைக்கு ஒரு கழிவறை, எல்லாருக்கும் சேர்த்து வாசலில் ஒரு குழாய். குடும்பத்துக்கு விட்டால் ஓர் அறைக்கு 4,000 ரூபாய் கிடைக்கும். கம்பெனிப் பசங்களுக்கு விட்டால் தலைக்கு 1,500. ஆறு பேர் இருந்தால் 9,000. இந்தக் கணக்கு உங்கள் எல்லாருக்கும் தெரியும். நாம் எல்லாரும் போட்ட கணக்குதான். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் பையன்கள் நம் ஊருக்கு வந்த பிறகுதான் நம் வீடுகளுக்கு மாடி வந்தது.

இதில் என்ன தப்பு என்று கேட்பீர்கள். வாடகைக்கு விடுவது பாவம் என்று நான் சொல்லவில்லை. ஒரு சின்ன விஷயத்தைச் சொல்கிறேன். என் வீட்டுத் தண்ணீர் மோட்டாரைக் காலை 6 மணிக்குப் போட்டு 7 மணிக்கு நிறுத்திவிடுவேன். கோயிலுக்குப் போய்விட்டு வர எனக்கு அந்த நேரம்தான் வசதி. நைட் ஷிப்ட் பையன்கள் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும்போது மணி ஏழரை. குழாயில் சொட்டு இருக்காது. உடம்பெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கோடு, கையை மட்டும் பக்கெட்டில் மிச்சமிருக்கும் தண்ணீரில் நனைத்துக்கொண்டு படுத்துவிடுவார்கள். முதல் ஷிப்டுக்குப் போனவன் விட்டுவிட்டுப் போன பாயில் நைட் ஷிப்ட் முடித்தவன் படுப்பான். பாய்ச் சூடு ஆறுவதே இல்லை. நான்கு வருடம் இதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். அத்தனை நாளும் காலைத் திருப்பலியைத் தவறவிட்டதில்லை.

சென்ற ஆண்டு தவக்காலத்தில், மார்ச் மாதம், கடைசி அறையில் இருந்த ஒரு பையனுக்கு வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. பிரஸ் மெஷின். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் பட்டனை அமுக்கினால்தான் மெஷின் இறங்க வேண்டும். ஒரு பட்டனை டேப் போட்டு ஒட்டி வைத்திருந்தார்களாம், எண்ணிக்கை சீக்கிரம் ஏற. அவனுக்கு வயது 20. அவன் கம்பெனி ஆள் இல்லை, காண்ட்ராக்ட் ஆள். மறுநாள் மாலை அந்தக் காண்ட்ராக்டர் என் வீட்டுக்கு வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். "டீச்சர், யாராவது விசாரிச்சா, பையன் உங்க பாத்ரூம்ல வழுக்கி விழுந்து கதவு இடுக்குல கை மாட்டிக்கிச்சுன்னு சொல்லுங்க. ஆஸ்பத்திரி செலவு நான் பாத்துக்கறேன். இல்லேன்னா எல்லாருக்கும் வேலை போயிடும்" என்றார்.

நான் சரி என்று சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. காபி கொடுத்து அனுப்பினேன்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. ஆறு மணிக்கு நம் தெருவில் சிலுவைப்பாதை. ஐந்தாம் நிலை எப்போதும் என் வீட்டு வாசலில்தான், உங்களுக்குத் தெரியும். குத்துவிளக்கு ஏற்றி, கோலம் போட்டு வைத்திருந்தேன். ஐந்தாம் நிலையில் சிலுவையைச் சுமக்கும் முறையும் என்னுடையது. சீரேனே ஊர் சீமோன் இயேசுவின் சிலுவையைச் சுமக்கக் கட்டாயப்படுத்தப்படுகிறார் என்று படித்தோம், முழந்தாளிட்டோம். எழுந்து நிமிரும்போது, இரும்புக் கேட்டுக்கு உள்பக்கம் அந்தப் பையன் நின்றுகொண்டிருந்தான். வலது கையில் பெரிய வெள்ளைக் கட்டு. இடது கையால் நெற்றியிலிருந்து மார்புக்குச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டான். டி-ஷர்ட்டுக்கு வெளியே செபமாலை தொங்கியது.

அவன் சிம்டேகா மாவட்டத்துப் பையன். ஜார்க்கண்டில் அந்த மாவட்டத்தில் ஏறக்குறைய பாதிப்பேர் கிறிஸ்தவர்கள், பெரும்பாலும் பழங்குடி மக்கள். பதினொரு மாதம் என் வீட்டில் இருந்தவன் கத்தோலிக்கன் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டதே இல்லை. வாடகை நோட்டில் அவன் பெயர்கூட இல்லை, "6ஆம் ரூம், 6 பேர்" என்றுதான் எழுதியிருந்தேன். நாம் அவர்களை இந்திக்காரப் பசங்க என்போம், அத்தோடு சரி. மாற்கு நற்செய்தியாளரைப் பாருங்கள். சீமோன் வெளியூர்க்காரர், இன்றைய லிபியா நாட்டிலுள்ள சீரேனேயைச் சேர்ந்தவர், வயல்வெளியிலிருந்து வந்துகொண்டிருந்தவரைப் பிடித்து இழுத்துக் கூலியில்லாத வேலை வாங்கினார்கள். அவருடைய பெயரை மட்டுமல்ல, அலெக்சாந்தர், ரூபு என்று அவருடைய இரண்டு மகன்களின் பெயரையும் மாற்கு எழுதிவைத்திருக்கிறார். என் நோட்டில் ஆறு பேரில் ஒருவர் பெயரும் இல்லை.

அடுத்த வாரம் விஷயம் தெரிந்த ஒரு தொழிற்சங்கத்துத் தம்பியைப் பிடித்து தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான இஎஸ்ஐயின் கிளை அலுவலகத்துக்குப் போனேன். அங்கே தெரிந்துகொண்டதை நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ள தொழிலாளிக்கு, ஆலை இஎஸ்ஐ சட்டத்தின் கீழ் வந்தால், இந்தக் காப்பீடு உண்டு. காண்ட்ராக்ட் ஆளுக்கும் உண்டு. சம்பளத்தில் அவனிடமிருந்து 0.75 சதவீதம், முதலாளியிடமிருந்து 3.25 சதவீதம். காய்ச்சல், தலைவலிக்கு விடுப்புப் பணம் வாங்கத்தான் இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற கணக்கு. வேலையில் ஏற்படும் விபத்துக்கு அப்படி இல்லை, சேர்ந்த முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு. கை ஆறும் வரை சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். நிரந்தர ஊனம் என்றால், மருத்துவக் குழு சொல்லும் அளவுக்கு ஏற்ப ஆயுள் முழுக்க மாதாமாதம் பணம் வரும். வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ நடந்த விபத்தும் கணக்கில் சேரும். இத்தனைக்கும் அடிப்படை ஒன்றுதான்: விபத்து வேலையில் நடந்தது என்று காகிதத்தில் இருக்க வேண்டும். பாத்ரூமில் வழுக்கி விழுந்தான் என்று எழுதினால் அந்தப் பையனின் ஆயுள் வருமானம் அந்த ஒரு வரியில் போய்விடும்.

நாங்கள் அலுவலகத்திலிருந்து திரும்பி வந்தபோது கடைசி அறையில் அவன் பெட்டி இல்லை. டிக்கெட் எடுத்துக் கொடுத்து, கையில் கொஞ்சம் பணம் கொடுத்து ரயிலேற்றிவிட்டிருந்தார்கள். போனில் பிடித்தேன். அவனுக்குச் சேர வேண்டியதைக் கேட்டுப் போட்ட வழக்கு ஒரு வருடமாகியும் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அந்த வியாழக்கிழமை மாலை நான் வாய் திறந்திருந்தால், காண்ட்ராக்டரின் முகத்துக்கு நேரே "என் பாத்ரூமில் யாரும் விழவில்லை" என்று சொல்லியிருந்தால், அவன் ரயிலேறியிருக்க மாட்டான். இந்தப் பாவத்தை நான் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். உங்கள் முன்பும் சொல்கிறேன். ஏனென்றால் அந்தக் காண்ட்ராக்டர் நம் பங்கைச் சேர்ந்தவர் அல்ல என்றாலும், நம்மில் நான்கைந்து பேர் பார்ப்பது அதே தொழில்.

இனிச் சொல்லப்போவது கொஞ்சம் பழைய கதை. ஆனால் நம் கதை.

நம்மில் பலருடைய தாத்தாவும் பாட்டியும் இதே மண்ணில் படியாட்களாக இருந்தவர்கள். உழுத நிலம் மட்டுமல்ல, குடிசை போட்ட மனையும் மிராசுதாருக்குச் சொந்தம். கூலி கேட்டு நிமிர்ந்தால் அன்று இரவே குடிசையை விட்டு இறங்க வேண்டும். பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் 1880களிலும் 1890களிலும் ஸ்காட்லாந்து ஃப்ரீ சர்ச்சின் ஆடம் ஆண்ட்ரூவும், திருவள்ளூர்ப் பக்கம் வெஸ்லியன் மெதடிஸ்ட் சபையின் வில்லியம் கௌடியும் இந்த நிலைமையைப் பார்த்தார்கள். ஞானஸ்நானம் கொடுத்ததோடு அவர்கள் நிற்கவில்லை. தரிசு நிலத்துக்கு மனு எழுதினார்கள், அதிகாரிகளிடம் வாதாடினார்கள், பத்திரிகைகளில் எழுதினார்கள். 1891இல் மாவட்ட ஆட்சியர் பொறுப்பிலிருந்த ட்ரெமன்ஹீர், செங்கல்பட்டுப் பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். மறு ஆண்டு, 1892இல், ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தரிசு நிலம் ஒதுக்கும் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்றும் டி.சி. நிலம் என்றும் நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது அதைத்தான். முதல் பத்து வருடம் யாருக்கும் விற்கக்கூடாது, பிறகும் ஒடுக்கப்பட்டவருக்கு மட்டுமே விற்கலாம் என்று நிபந்தனை. அந்த நிலங்களில் பெரும்பகுதி பிறகு எப்படியெல்லாம் கைமாறியது என்பதும் உங்களுக்குத் தெரியும். அதை மீட்கத்தான் மாமல்லபுரம் பக்கமுள்ள காரணையில் போராட்டம் நடந்தது. 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். அந்தப் போராட்டத்தில் இயேசு சபைக் குருக்களும் மக்களோடு நின்றார்கள்.

மனை சொந்தமில்லாததால் வாய் திறக்க முடியாமல் இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். யாரோ நமக்காக வாய் திறந்தார்கள், மனு எழுதினார்கள், அடிபட்டார்கள். இன்று நம் கையில் பட்டா இருக்கிறது. மனை இல்லாதவன் நம் கேட்டுக்கு வெளியே படுக்கைக்கு இடம் கேட்டு நிற்கிறான். மிராசுதார் அன்று நம் பாட்டனிடம் பேசிய அதே குரலில் நாம் அவனிடம் பேசுகிறோம். இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் உண்மை இதுதான்.

"கோயிலுக்குள்ள அரசியல் வேணாம் டீச்சர்" என்று பங்குப் பேரவைக் கூட்டத்தில் ஒருவர் சொன்னார். சங்கம், கூலி என்று பேசினால் கம்யூனிஸ்ட் பேச்சு என்று இன்னொருவர் சொன்னார். ட்ரெமன்ஹீர் அறிக்கை எழுதிய அதே 1891இல், மே 15 அன்று, போப் 13ஆம் லியோ "ரேரும் நோவாரும்" என்ற சுற்றுமடலை வெளியிட்டார். தொழிலாளிக்கும் அவன் குடும்பத்துக்கும் போதுமான கூலி தரப்பட வேண்டும், ஒப்பந்தத்தில் அவன் ஒத்துக்கொண்டான் என்பதற்காகக் குறைந்த கூலி நியாயமாகிவிடாது, சங்கம் சேர்வது மனிதனுக்கு இயல்பான உரிமை, அரசு அதைத் தடுக்கக்கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. 2025 மே மாதம் தேர்ந்தெடுக்கப்பட்ட போப், 14ஆம் லியோ என்ற பெயரை எடுத்துக்கொண்டதற்கு அந்த மடலையும் ஒரு காரணமாகச் சொன்னார். சங்கம் என்ற சொல்லைக் கோயிலுக்குள் கொண்டுவந்தது நான் அல்ல.

சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9 தொடங்கி ஒரு மாதத்துக்கு மேல் வெயிலிலும் மழையிலும் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கேட்டதில் முதன்மையானது தங்கள் சங்கத்துக்கு அங்கீகாரம். அந்தச் சங்கம் 2025 ஜனவரியில்தான் பதிவானது. அந்த நாட்களில் நம் பங்கிலிருந்து ஒரு குடம் தண்ணீராவது அந்தப் பந்தலுக்குப் போனதா? நான் போகவில்லை. போயிருக்க வேண்டும்.

அதற்கு முன்னால் 2021 டிசம்பர். நாம் வீட்டில் குடில் கட்டிக்கொண்டிருந்த வாரம். பாக்ஸ்கான் ஆலைப் பெண்கள், விடுதிச் சாப்பாட்டால் 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போன பிறகு, சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். தரையில் படுக்கை, கழிவறையில் தண்ணீர் இல்லை என்பதெல்லாம் அப்போதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. விடுதியில் இடமில்லை என்ற கதையை நாம் ஆண்டுதோறும் கிறிஸ்துமசுக்கு நாடகமாகப் போடுகிறோம். அந்தப் பெண்கள் சாலையில் உட்கார்ந்ததன் பலன் பின்னால் தெரிந்தது. வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாயில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி கட்டி, 2024 ஆகஸ்ட் 17 அன்று முதலமைச்சர் திறந்துவைத்தார். செபித்ததால் வந்தது என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன். செபித்தவர்கள் யார் என்றுதான் கேட்பேன். இரவு முழுக்கத் தார்ச்சாலையில் உட்கார்ந்திருந்தவர்களின் முறையீடும் கடவுளின் காதில் செபமாகத்தான் விழுந்திருக்கும். அறுவடை செய்தவர்களின் பிடித்துவைத்த கூலியே கூக்குரலிடுகிறது என்றும் அது ஆண்டவரின் செவிக்கு எட்டிவிட்டது என்றும் யாக்கோபு தன் திருமுகத்தில் எழுதியிருக்கிறார்.

ஜார்க்கண்ட் என்றதும் இன்னொருவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. திருச்சி மாவட்டம் விரகாலூரில் 1937இல் பிறந்த தமிழர், இயேசு சபைக் குரு ஸ்டேன் சுவாமி. தன் வாழ்வின் பல பத்தாண்டுகளை ஜார்க்கண்டுப் பழங்குடி மக்களோடு கழித்தார். நிலம் இழந்தவர்களுக்காகவும், விசாரணை இல்லாமல் சிறையில் கிடந்த இளைஞர்களுக்காகவும் வழக்காடினார். 2020 அக்டோபர் 8 அன்று, 83 வயதில், ராஞ்சியில் கைது செய்யப்பட்டார். நடுக்கு நோயால் டம்ளரைப் பிடிக்க முடியாதவர், சிறையில் உறிஞ்சுகுழல் உள்ள குவளைக்காக மனுப்போட்டுக் காத்திருக்க வேண்டியிருந்தது. 2021 ஜூலை 5 அன்று, ஜாமீன் கிடைக்காமலே, மும்பை மருத்துவமனையில் இறந்தார். அவருக்காக நாம் மெழுகுவத்தி ஏற்றினோம். ஒரு தமிழர் அந்த மக்களுக்காக அங்கே போய்த் தன் உயிரைக் கொடுத்தார். அதே மக்களின் பிள்ளைகள் நம் வீட்டுப் பின்கட்டுக்கு வந்து இரண்டு விரலைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

எல் சால்வதோர் பேராயர் ஆஸ்கர் ரொமேரோ சுட்டுக் கொல்லப்பட்டதும் ஒரு தவக்காலத்தில்தான், 1980 மார்ச் 24 அன்று, திருப்பலிப் பீடத்தில். உங்கள் மக்களையே சுடாதீர்கள் என்று படைவீரர்களுக்கு முந்தின நாள் மறையுரையில் சொல்லியிருந்தார். நம்மிடம் யாரும் உயிரைக் கேட்கவில்லை.

அப்படியானால் என்ன கேட்கப்படுகிறது? எசாயா சொல்லும் வரிசையைக் கவனியுங்கள். முதலில் கட்டை அவிழ்ப்பது, நுகத்தை முறிப்பது. அதன் பிறகுதான் பசித்தவனுக்குச் சோறு, வீடில்லாதவனுக்கு இடம், ஆடையில்லாதவனுக்கு ஆடை. நாம் முதலாவதை விட்டுவிட்டு நேரே இரண்டாவதுக்குப் போய்விடுகிறோம். தவக்கால உண்டியலில் காசு போடுகிறோம், பெரிய வெள்ளியன்று கஞ்சி ஊற்றுகிறோம். கறிக்குப் பதில் மீன் வாங்குகிறோம். அதற்குக் கறியைவிடக் கூடுதலாகச் செலவாகும் வாரமும் உண்டு. இரண்டாம் நூற்றாண்டில் உரோமையில் எழுதப்பட்ட ஹெர்மாசின் "மேய்ப்பர்" என்ற நூல், நோன்பன்று சாப்பிடாமல் விட்ட உணவின் விலையைக் கணக்குப் பார்த்துக் கைம்பெண்ணுக்கும் அநாதைக்கும் கொடுக்கச் சொல்கிறது. நம் முன்னோர் நோன்பைக் கணக்கோடு சேர்த்துத்தான் பார்த்தார்கள். நம் கணக்கு இருப்பது வாடகை நோட்டில். நோன்பும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

அந்த நோட்டைத் திறந்து பாருங்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அரசு 100 யூனிட் மின்சாரம் இலவசமாகத் தருகிறது. அதை நாம் எடுத்துக்கொண்டு, பையன்களிடம் யூனிட்டுக்கு 10 ரூபாய் வாங்குகிறோம். அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு ரசீது கொடுப்பதில்லை. ஊருக்குப் போகும்போது சுவரில் ஆணி அடித்தான் என்று பிடித்துக்கொள்கிறோம். நம்மில் ஆள் அனுப்புகிறவர்கள், சம்பளத்தைக் கம்பெனி தந்த அன்றே தராமல் இரண்டு வாரம் கையில் வைத்திருப்பது உண்டு. ஏழைக் கூலியாள் உன் இனத்தானோ வெளியூர்க்காரனோ, பொழுது சாய்வதற்குள் கூலியைக் கொடு, அவன் பிழைப்பே அதில்தான் இருக்கிறது என்று இணைச்சட்ட நூல் கட்டளையிடுகிறது. வெளியூர்க்காரனைப் பற்றிக் கட்டளையிலேயே சொல்லியிருக்கிறது. சூப்பர்வைசராக இருக்கும் தம்பிகளே, மெஷின் பட்டனில் டேப் ஒட்டியிருப்பதை முதலில் பார்ப்பவர்கள் நீங்கள்தான். மேலே இருந்து எண்ணிக்கை கேட்டு நெருக்குகிறார்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் வேலைக்கும் உத்தரவாதம் இல்லை என்பதும் தெரியும். ஆனாலும் அந்த டேப்பைப் பிய்த்துப் போடுவதைவிடப் பெரிய ஒறுத்தல் முயற்சி இந்த 40 நாளில் உங்களுக்கு இல்லை.

செபத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். செபம் இல்லாமல் எனக்கு இந்தத் துணிவு வந்திருக்காது. சென்ற ஆண்டு பெரிய வெள்ளிக்குப் பிறகு ஒன்று செய்தேன். ஆறு அறையிலும் இருக்கும் 31 பேரின் பெயரையும் ஊரையும் கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதினேன். இரவு செபமாலை சொல்லும்போது ஒவ்வொரு மணிக்கும் ஒரு பெயர். இந்து, முஸ்லிம், சர்னா என்ற பழங்குடி வழிபாட்டுக்காரர், கிறிஸ்தவர் எல்லாரும் அதில் இருக்கிறார்கள். பெயர் சொல்லிச் செபித்த ஆளிடம் மறுநாள் காலை யூனிட்டுக்கு 10 ரூபாய் கேட்க எனக்கு வாய் வரவில்லை. செபம் எனக்குச் செய்த வேலை இதுதான். மின்வாரியம் என்னிடம் வாங்கும் தொகையைத்தான் இப்போது அவர்களிடம் பிரித்து வாங்குகிறேன். ஓர் அறைக்கு நான்கு பேருக்கு மேல் இனிச் சேர்ப்பதில்லை என்று முடிவு செய்தேன். இருந்தவர்களைத் துரத்தாமல், ஊருக்குப் போனவர்களின் இடத்தில் ஆள் போடாமல் விட்டதில் இன்று 24 பேர் இருக்கிறார்கள். வருமானம் குறைந்திருக்கிறது. இன்னொரு கழிவறை கட்டியாகிவிட்டது.

இந்த ஆண்டு ரமலான் நோன்பும் திருநீற்றுப் புதன் வந்த அதே வாரத்தில் தொடங்கியது. இரண்டாம் அறையில் அசாம் பையன்கள் மூன்று பேர் நோன்பு பிடிக்கிறார்கள். அதிகாலை நாலரை மணிக்குச் சாப்பிட்டுவிட்டு முதல் ஷிப்டுக்குப் போய், எட்டு மணி நேரம் நின்றபடி வேலை பார்த்து, பச்சைத் தண்ணீர் தொடாமல் வருகிறார்கள். ஒருவேளை மட்டும் முழுச் சாப்பாடு என்று நாம் இருக்கும் நோன்பை அவர்கள் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மாலையில் அவர்களுக்குப் பேரீச்சம்பழம் கொண்டுபோய்க் கொடுத்தபோது, "அம்மா, உங்களுக்கும் இப்போது நோன்புதானே?" என்று கேட்டு, முதல் பழத்தை என் கையில் கொடுத்தான் ஒருவன்.

வரும் வெள்ளி மாலை ஆறு மணிக்குச் சிலுவைப்பாதை வழக்கம்போல நம் தெருவில். ஐந்தாம் நிலை இந்த முறை என் வீட்டு வாசலில் இல்லை. உள்ளே, அறைகளுக்கு முன்னால் உள்ள முற்றத்தில். பங்குத்தந்தையிடம் சொல்லிவிட்டேன். சிம்டேகாப் பையன்கள் இருவர் அந்த நிலையின் செபத்தைத் தங்கள் சாத்ரி மொழியில் சொல்வார்கள். மறுநாள் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு இஎஸ்ஐ, பிஎப் காகிதங்கள் தெரிந்த ஒருவர் என் வீட்டுக்கு வருகிறார். உங்கள் அறைகளில் இருக்கும் பிள்ளைகளை அழைத்து வாருங்கள். வரும்போது வாடகை நோட்டையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். அதில் அவர்கள் பெயரை எழுதிக்கொண்டு வாருங்கள்.

என் வீட்டு மோட்டார் இப்போது காலை ஏழரைக்கும் ஒருமுறை ஓடுகிறது.

கிறிஸ்துவில் உங்கள் சகோதரி,
சேரப்பணஞ்சேரி டீச்சர்